மூன்றாம் எண் தூக்கிய எடை

குடும்ப விவரப் படிவத்தில் வரிசை எண் மூன்றுக்கு நேரே இப்படி இருந்தது: "பெண். வயது ஐம்பத்து நான்கு. மணமாகாதவர். குடும்பத் தலைவருக்குத் தங்கை. தொழில்: இல்லை. உடல்வாகு: மெலிந்தவர், கடின வேலைக்கு உகந்தவரல்லர். நிலை: சார்ந்திருப்பவர்."

எழுத்து மணிமணியாக இருந்தது. இருக்காதா பின்னே? நிரப்பியவர் குடும்பத் தலைவர், அதாவது அண்ணன். இப்படிப்பட்ட படிவங்களை அச்சிட்டு, அனுப்பி, திரும்ப வாங்கி, கட்டுக்கட்டி வைக்கும் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு படிவத்தில் அடித்தல் திருத்தல் இருந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதில் உண்மை இருக்கிறதா என்பது வேறு விஷயம். அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது. வரிசை எண் இரண்டான அவருடைய மனைவி காலமாகி எட்டு வருடம் ஆகியும் பட்டியலில் அதே இடத்தில்தான் இருந்தார். எடுத்தால் வரிசை கலைந்துவிடும்.

தொழில் இல்லாத மூன்றாம் எண், தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பித் தராசுக் கடைக்குப் போய் மாலை ஆறு மணிக்குத் திரும்புவது இருபத்தெட்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. தராசு பழுது பார்க்கிற கடை. அவருடைய வேலை இரும்பு எடைக்கற்களைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு கல்லின் அடியிலும் ஒரு குழி இருக்கும். அதில் ஈயம் அடைத்திருக்கும். கல் தேய்ந்து எடை குறைந்தால் ஈயம் ஊற்றிக் கூட்ட வேண்டும், கூடினால் சுரண்டிக் குறைக்க வேண்டும். அந்த ஈயத்தின் மேல்தான் அரசு முத்திரை விழும். ஐந்து கிலோக் கல்லைக் கையில் வாங்கியதும் "நூறு குறையும்" என்பார். தட்டில் வைத்தால் தொண்ணூற்றைந்து கிராம் குறையும். அந்த ஐந்து கிராமுக்காக அவர் முகம் சுருங்குவதைப் பார்த்துக் கடையில் வைத்த பெயர்தான் மில்லி. நாமும் அப்படியே அழைப்போம். படிவத்தில் இருந்த பெயரைவிட இது அவருக்குச் சரியாகப் பொருந்தியது.

"கடைக்குப் போறதெல்லாம் ஒரு தொழிலா?" என்பார் அண்ணன், வீட்டுக்கு வருகிறவர்களிடம். "ஏதோ போய்ட்டு வர்றா. பொழுது போகணுமில்ல. இத்தனை வருஷமா இவளையும் சேத்து நான்தான் சுமந்துட்டிருக்கேன்." இதைச் சொல்லும்போது அவர் கையில் இருக்கும் டீ, மில்லி போட்டுக் கொடுத்ததாக இருக்கும்.

சுமந்தவருக்கு ஒருநாள் காலை குளியலறை வாசலில் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் போயின. பேச்சு போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது சுகாதார அலுவலகத்தின் கடிதம் ஒன்றும் கூட வந்தது. பதினாறு வாரங்களுக்குத் தூக்கி உட்காரவைக்க ஓர் ஊழியர் வருவார். பதினாறாம் வாரம் மதிப்பீட்டு அலுவலர் வருவார். நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், வேறொருவர் துணையின்றி, தனியாக மாற்றக்கூடிய ஒருவர் வீட்டில் இருந்தால் நோயாளி வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் பராமரிப்பு இல்லம்.

அண்ணனுடைய மகன் வேறு ஊரில் இருந்தான். கடிதத்தை வாசித்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டான்.

"அத்தை, நல்ல இல்லமா ஒண்ணு ஏற்கெனவே பாத்து வெச்சிருக்கேன். தோட்டமெல்லாம் இருக்கு. அப்பாவுக்கு நல்லாயிருக்கும்."

"வீடு?"

"வீட்டை வாடகைக்கு விட்டாத்தானே இல்லத்துக்குக் கட்ட முடியும்?"

"நான்?"

"உங்களுக்கு ஏதாவது பண்ணுவோம் அத்தை."

'ஏதாவது பண்ணுவோம்' என்பதை மில்லி மனசுக்குள் தட்டில் வைத்துப் பார்த்தார். முள் அசையவே இல்லை.

வீட்டின் பின்கோடியில் அவருக்கு ஓர் அறை இருந்தது. எட்டுக்குப் பத்து. ஒரு ஜன்னல், ஒரு கட்டில், ஒரு பூட்டு. அந்த வீட்டில் அவர் காசில் வாங்கி அவர் கையில் மட்டும் சாவி இருந்த பொருள் அந்தப் பூட்டு ஒன்றுதான். முப்பத்தொரு வருடமாக அந்த அறையில் இருந்தார். அண்ணன் மேல் பாசமா என்று யாராவது கேட்டிருந்தால், யோசித்து, நேர்மையாக, ஒரு சிறிய அளவைச் சொல்லியிருப்பார். அறை மேல் இருந்தது அளவிட முடியாதது.

ஆகவே, நாற்பத்தாறு கிலோ எடையுள்ள அந்தப் பெண்மணி, அண்ணனைத் தூக்குவது என்று முடிவு செய்தார்.

எதைத் தூக்குவதானாலும் முதலில் நிறுக்க வேண்டும். அது அவர் வளர்ந்த விதம். கடையில் மின்தராசு பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். எதைத் தொட்டாலும் முதலில் பூஜ்யப் பொத்தானை அழுத்துவதால் அவர் பெயர் ஜீரோ. அவரிடம் சொல்லி, மூட்டை நிறுக்கிற மேடைத் தராசு ஒன்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். சக்கர நாற்காலியோடு அண்ணனைத் தராசின் மேல் ஏற்றினார்கள்.

"என்னை என்ன வெங்காய மூட்டைன்னு நெனச்சீங்களா?" என்றார் அண்ணன்.

"மூட்டை பேசாது சார்," என்றார் ஜீரோ. "கொஞ்சம் ஆடாம இருங்க, எண்ணு நிக்கட்டும்."

எழுபத்தாறு என்று நின்றது. மில்லி அதைக் குறித்துக்கொண்டு, அதன் கீழே நாற்காலியின் எடையைப் போட்டார்: பதினான்கு. கழித்தார். அறுபத்திரண்டு. எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

அடுத்தது இரும்பு. கடையின் பின்பக்கம், முத்திரை மறுக்கப்பட்ட கற்கள் ஒரு சாக்கு நிறையக் கிடந்தன. வியாபாரிகள் அடியில் குடைந்து ஈயத்தைத் திருடிய கற்கள், விளிம்பு உடைந்தவை, தேய்ந்தவை. முதலாளியிடம் கேட்டார்.

"எதுக்கும்மா அந்தத் திருட்டுக் கல்லெல்லாம்? புதுசா கடை போடப் போறியா?"

"உடற்பயிற்சி பண்ண."

முதலாளி சிரித்து முடிக்கும்வரை மில்லி காத்திருந்தார். பிறகு மூன்று தவணையாக, சைக்கிள் கேரியரில், சாக்கைக் காலி செய்தார். வீட்டில் ஒவ்வொரு கல்லையும் நிறுத்து, மேலே பொறித்திருந்த எண்ணைச் சுண்ணக்கட்டியால் அடித்து, உள்ளதை எழுதினார். இருபது என்றிருந்தது பத்தொன்பது அறுநூற்று நாற்பது ஆனது. பத்து, ஒன்பது எண்ணூறு ஆனது. தன் வாழ்க்கையில் இருந்த எல்லாத் தவறான விவரங்களிலும் அவரால் திருத்த முடிந்தவை இவைதாம்.

தண்ணீர்க் குழாய்க்கான இரும்புப் பைப் ஒன்று, ஐந்தடி. கற்களின் கைப்பிடி வளையத்துக்குள் அது கச்சிதமாக நுழைந்தது; இரு முனையிலும் கல் நழுவாமல் இருக்கக் குழாய்க்காரரிடம் மறையும் மூடியும் போட்டு வாங்கினார். தரை உடையாமல் இருக்க இரண்டு பலகை, அதன் மேல் பழைய கார்களில் விரிக்கும் ரப்பர் பாய். கடையில் ஓரமாகக் கிடந்த பெஞ்சின் காலை அறுத்து, அண்ணனுடைய கட்டில் எவ்வளவு உயரமோ அவ்வளவுக்குக் கொண்டுவந்தார்: பத்தொன்பது அங்குலம். லாரியில் சரக்குக் கட்டும் நாடாவை வெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்துத் தைத்து, இடுப்பில் கட்டுகிற பட்டை ஒன்று செய்தார். அண்ணனைப் பிடிப்பதற்கு. இத்தனையும் போட்டபின் அறையில் கட்டிலுக்கும் இரும்புக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். அந்த ஆள் மில்லியாக இருந்தால் நேராகவே நடக்கலாம்.

செய்முறை சொல்லிக்கொடுத்தது ஆஸ்பத்திரி அனுப்பிய பிசியோ. நான்கு முறை மட்டுமே வர அனுமதி. அண்ணனுக்காக வந்தவரின் நேரத்தில் பாதி தங்கைக்குப் போனது.

"முதுகை வளைக்காதீங்கம்மா. இடுப்புல மடங்குங்க. கதவைப் பின்பக்கத்தால தள்ளி மூடறீங்கல்ல, ரெண்டு கையிலயும் பாத்திரம் இருக்கறப்ப, அந்த மாதிரி."

மில்லிக்கு உடனே புரிந்தது. இரண்டு கையிலும் பாத்திரம் இல்லாத நேரம் அவருக்குக் குறைவு.

"அவரோட வராத காலுக்கு முன்னாடி உங்க முட்டியை அண்டைக் குடுங்க. மடங்காது. மூணு எண்ணி, ஒட்டி இழுத்து, நிமிந்து, திருப்பி உக்கார வைங்க. கையால தூக்கக் கூடாது. காலால தூக்கணும்."

பயிற்சியை மில்லியே வகுத்தார். திங்கள், புதன், வெள்ளி. கடையிலிருந்து வந்ததும், டீ போடுவதற்கு முன். முதலில் பெஞ்சில் உட்கார்ந்து எழுவது, பத்து, இரண்டு தடவை. பிறகு பலகையிலிருந்து பைப்பைத் தூக்கி நிமிர்வது, ஐந்து ஐந்தாக மூன்று தடவை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. பிறகு ஒரு கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுவது. பிறகு கதவுப் பிடியில் துண்டைக் கட்டிச் சாய்ந்து இழுப்பது. கடைசியில் இரண்டு கையிலும் கல்லைப் பிடித்து அறை வாசலிலிருந்து சமையலறைவரை நடை. தொடக்கம் இருபது கிலோ. வாரத்துக்கு மூன்று கிலோ கூட்டல். முதுகு பிடித்துக்கொண்டால் அந்த வாரம் கூட்டல் இல்லை.

பதிவு எழுத அண்ணனுடைய பழைய படிவங்கள் பயன்பட்டன. அலமாரியில் எழுதாத கட்டு ஒன்று கிடந்தது. பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினார்: தேதி, எடை, எண்ணிக்கை, குறிப்பு. குறிப்பில் பெரும்பாலும் "சரி" என்றிருக்கும். நான்காம் வாரம் ஒருநாள் "அழுகை, ஆனால் ஐந்தும் ஆயிற்று" என்றிருக்கிறது.

இரும்பு பலகையில் இறங்கும் சத்தம் முன்னறைக்குக் கேட்கும்.

"பயில்வானுக்கு இன்னும் முடியலையா?" என்று குரல் வரும். "டீ எங்கே?"

"ரெண்டு தடவை பாக்கி."

"நான் படுத்துக் கெடக்கேன். நீ விளையாடிட்டிருக்கே."

"விளையாட்டுதான். இருங்க."

ஆறாம் வாரம் முப்பத்தெட்டு. பத்தாம் வாரம் ஐம்பது. கடையில் ஐம்பது கிலோக் கல்லை ஜீரோவும் முதலாளியும் சேர்ந்து தூக்கப் பார்த்து, வழக்கம்போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மில்லி "நகருங்க" என்று சொல்லி அதை மேடையில் வைத்துவிட்டு ஈயச்சட்டியைப் பார்க்கப் போய்விட்டார். முதலாளி அதற்கு அப்புறம் சிரிக்கவில்லை. பதினைந்தாம் வாரம் அறுபத்திரண்டு. தேவைக்குச் சரியாக. குறிப்பில் "சரி".

அன்றைக்கே அண்ணனைத் தூக்கிப் பார்ப்பது என்று தோன்றியது. அதுவரை தொட்டதில்லை; தூக்க வருகிற ஊழியர், "நான் இருக்கறவரைக்கும் நான்தான் தூக்கணும், விழுந்தா என் தலை போகும்" என்று விட்டதில்லை. அவர் போனபின் பட்டையைக் கட்டி, முட்டியை அண்டைக் கொடுத்து, மூன்று எண்ணி, இழுத்தார்.

அண்ணன் கட்டிலிலிருந்து நான்கு விரல் எழுந்து, திரும்ப உட்கார்ந்தார்.

இன்னொரு தடவை. மூன்று விரல்.

"இதுக்குத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்றார் அண்ணன்.

எடை ஒத்துவராவிட்டால் முதலில் தராசைச் சந்தேகி, அப்புறம் கல்லை, கடைசியில் சரக்கை. இது கடையின் ஒழுங்கு. தன்னைச் சந்தேகிக்க அதில் இடமில்லை என்பதை மில்லி அதுவரை கவனித்ததில்லை. மறுநாள் ஜீரோவிடம் போனார்.

"அன்னிக்கு அந்தத் தராசு சரியாத்தானே இருந்துச்சு?"

"என் தராசா? ஒரு கிராம் பிசகாது."

"எழுபத்தாறுல நாற்காலி பதினாலு போக அறுபத்திரண்டு. ஆனா ஆளு அறுபத்திரண்டு மாதிரி வரலை."

ஜீரோ கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். "அக்கா. நாற்காலியை நான் முதல்லயே வெறுசா ஏத்தி ஜீரோ பண்ணிட்டுத்தானே உங்க அண்ணனை உக்கார வெச்சேன்? நாற்காலி அதுலயே போயிடுச்சே."

மில்லி குறித்துவைத்த தாளை எடுத்தார்.

"எழுபத்தாறு உங்க அண்ணன்தான் அக்கா. முழுசா."

தட்டுத் தராசில் இருபத்தெட்டு வருடம். பாத்திரத்தோடு நிறுத்தால் பாத்திரத்தை மனசில் கழிக்க வேண்டும். மூச்சு விடுவதுபோல அவர் கை அதைச் செய்துவிட்டது. பொத்தான் ஒருமுறை கழித்ததை அவர் இன்னொருமுறை கழித்தார். வேறு யார் நிறுத்திருந்தாலும் திரையில் தெரிந்த எண்ணை அப்படியே எழுதியிருப்பார்கள், சரியாக இருந்திருக்கும். தொழில் தெரிந்தவராக இருந்ததால் தவறியது. படிவத்தில் 'தொழில்: இல்லை' என்று எழுதிய அண்ணனுக்கு இந்த ஒரு கணக்கில் மட்டும் ஆதரவாக ஏதாவது சொல்லலாம்.

பதினான்கு கிலோ குறைவு. எட்டு நாள் மிச்சம். வாரத்துக்கு மூன்று என்று வளர்ந்த உடம்பு அவ்வளவையும் எட்டு நாளில் தராது. ஈயமா, உருக்கி ஊற்றுவதற்கு?

அன்று மாலை மில்லி பைப்பைத் தொடவில்லை. கடையிலிருந்து சிறிய தட்டைத் தராசு ஒன்றை எடுத்துவந்து, அண்ணனைக் கட்டில் ஓரம் உட்காரவைத்திருந்த ஊழியர் டீ குடிக்க வெளியே போன நேரம் பார்த்து, அதை அண்ணனுடைய நல்ல காலுக்குக் கீழே வைத்தார்.

"அமுக்குங்க."

"எதை?"

"காலை. பதினாலு காட்டணும்."

"முப்பத்தாறு வருஷம் ஆபீஸ்ல கையெழுத்து போட்ட ஆளு நான். என்னைப் பாத்துக் காலை அமுக்குன்னு சொல்றே."

"கையெழுத்து பத்தாதுண்ணா. எனக்குப் பதினாலு கிலோ கொறையுது. அதை நீங்கதான் போடணும்."

"எதுக்குப் போடணும்? என் பையன் என்னைக் கூட்டிட்டுப் போவான். அவன் வீட்டுக்கு."

"அவன் வீட்டுக்கு இல்ல. இல்லத்துக்கு."

"அதெல்லாம் உன்கிட்ட சொல்றது. என்கிட்ட அப்படிச் சொல்லலையே அவன்." அண்ணன் தலையணையைச் சரிசெய்துகொண்டார். "நீ உன் ரூமுக்காகப் பேசறே. தெரியாதா எனக்கு?"

"ஆமா. ரூமுக்காகத்தான். நீங்க வேற எதுக்காகன்னு நெனச்சீங்க?"

அண்ணனிடம் அப்படி யாரும் நேராகப் பேசியதில்லை. படிவத்தில் உள்ள கேள்விக்கு உள்ள பதிலைச் சொன்னதுபோல இருந்திருக்க வேண்டும். காலை அமுக்கினார். ஐந்து காட்டியது.

மறுநாள் ஒன்பது. அதற்கடுத்த நாள் எட்டு, "வலிக்குது" என்றார். ஐந்தாம் நாள் பன்னிரண்டு. ஏழாம் நாள் பதினான்கு காட்டி, நின்று, பதினேழுக்குப் போனது. அண்ணன் எண்ணைக் குனிந்து பார்த்தார். "போதுமா?" என்றார், யாருக்கோ கடன் கொடுத்தவர் மாதிரி. அன்றைக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்தது மில்லி. ஊழியர் கதவருகே நின்று, தனக்கு எதுவும் தெரியாது என்ற முகத்தோடு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் காலை பதினொரு மணிக்கு மதிப்பீட்டு அலுவலர் வந்தார். ஐம்பது வயதுப் பெண். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக் கழற்றாமலேயே வந்தார். அவரோடு அண்ணன் மகனும் வந்திருந்தான். வாசலில் அவனுடைய கார் நின்றது.

அலுவலர் படிவத்தைப் புரட்டினார். "குடும்பத் தலைவர், நோயாளி. ரெண்டாம் எண், காலமாயிட்டார். மூணாம் எண், சார்ந்திருப்பவர், கடின வேலை முடியாது. அப்ப இவரைத் தூக்கப்போறது யாரு?"

"நான்."

"நீங்க யாரும்மா?"

"மூணாம் எண்."

அலுவலர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரை அளந்தார். நாற்பத்தாறு கிலோவை அளக்க நேரம் அதிகம் ஆகாது. "வேண்டாம்மா. உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"அதான் மேடம், நானும் சொல்றேன்," என்றான் மகன். "அத்தைக்கு எதுக்கு இந்த வயசுல?"

மில்லி பட்டையை எடுத்து அண்ணன் இடுப்பில் கட்டினார். கட்டும்போது தலையணைக்குக் கீழே கை பட்டது. கண்ணாடிக் கூடு, சீப்பு, சவர சாமான் எல்லாம் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தது. அண்ணன் புறப்படத் தயாராக இருந்தார்.

மில்லி முட்டியை அண்டைக் கொடுத்தார். இடுப்பில் மடங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

மூன்றில் வர வேண்டிய பதினான்கு வரவில்லை.

அண்ணனுடைய நல்ல கால் கொடியில் தொங்கும் துணிமாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் ஜன்னல் வழியாக வாசலில் நின்ற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வன்மம் ஒன்றுமில்லை. அவர் தன் மகனோடு போக விரும்பினார், அவ்வளவுதான்.

இரும்பை வாங்கி வைத்தே வாழ்ந்த கைக்கு எவ்வளவு குறைகிறது என்பது உடனே தெரிந்துவிட்டது. கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அலுவலர் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். மில்லி பிடியை விடாமல், மூச்சை அடக்கி, குதிகாலைத் தரையில் ஊன்றி, நிமிர்ந்தார். எழுபத்தாறு கிலோவும் வந்தது. அரைச்சுற்றுத் திரும்பினார். உட்காரவைத்தார். நாற்காலி சத்தம் போடவில்லை.

இடது கண்ணின் வெள்ளையில் ஒரு நரம்பு வெடித்துச் சிவப்பு பரவியிருந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அலுவலர் எழுதிக்கொண்டிருந்தார்.

"சரி. இப்ப நாற்காலியிலிருந்து திரும்பக் கட்டிலுக்கு."

"கட்டில் எதுக்கு?" என்றார் அண்ணன். "அப்படியே காருக்குப் போயிடலாமே. டேய், பின்சீட்டுல இடம் இருக்கில்ல?"

மகன் காலை மாற்றி நின்றான். "அப்பா, இன்னிக்கு இல்லப்பா. இல்லத்துல அடுத்த வாரம்தான் கட்டில் காலியாகும்."

"இல்லத்துலயா? உன் வீட்டுல?"

"என் வீட்டுல எங்கப்பா இடம்? அவளும் வேலைக்குப் போறா. இல்லத்துல தோட்டமெல்லாம் இருக்கு. ஞாயித்துக்கிழமை வந்து பாத்துட்டுப் போவேன்."

அண்ணன் முப்பத்தாறு வருடம் மற்றவர்களின் விண்ணப்பங்களை மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இந்தப் பக்கத்திலிருந்து எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்தது. பிறகு தங்கையைப் பார்த்தார். சிவந்த கண்ணையும் பார்த்திருக்க வேண்டும்.

"எண்ணு," என்றார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நல்ல கால் தரையை உதைத்தது. இருபது கிலோவுக்குக் குறையாது. அண்ணன் இறகுபோல எழுந்தார். மில்லி கொஞ்சம் தடுமாறவே செய்தார், கனம் போதாமல்.

"கீழே போட்டுடாதே," என்றார் அண்ணன். அவரிடமிருந்து கிடைத்த நன்றியில் அதுவே பெரியது.

அலுவலர் எழுதி முடித்து, வாசித்துக் காட்டினார்: "நோயாளியால் தன் முயற்சியில் பெருமளவு எழ முடிகிறது. உடனிருப்பவர் சிறு உதவி செய்கிறார். வீட்டுப் பராமரிப்பு போதுமானது. பொறுப்பாளர்: மகன்." முதல் தடவை தூக்கியதற்கும் இரண்டாம் தடவைக்கும் சராசரி எடுத்திருந்தார்போல.

"மேடம், தூக்கறது நான்தானே," என்றார் மில்லி.

"பொறுப்பாளர் வேற ஒருத்தரைச் சார்ந்திருக்கறவரா இருக்கக் கூடாதும்மா. விதி." சொல்லிவிட்டுக் குரலை இறக்கினார். "வீட்டுல இருக்கலாம்னு எழுதிட்டேன். அதுதானே வேணும் உங்களுக்கு?"

அதுதான் வேண்டும். அதனால் மில்லி வேறெதுவும் கேட்கவில்லை.

வாசலில் மகன் கார்க் கதவைத் திறந்தபடி சொன்னான், "அத்தை, நீங்க இவ்வளவு ஸ்ட்ராங்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் இல்லத்துக்கெல்லாம் அலைஞ்சிருக்கவே மாட்டேன்." இல்லத்துக்குக் கட்ட வேண்டியதில்லை என்பதில் அவன் முகம் அவனுடைய அம்மா இருந்த காலத்தில் இருந்ததுபோல மலர்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொன்னான். எந்த ஞாயிறு என்று சொல்லவில்லை.

ஊழியர் வருவது நின்றது. ஒரு நாளைக்கு ஆறு முறை: காலையில் எழுப்பி உட்காரவைக்க, கழுவப் படுக்கவைக்க, மதியம் எழுப்ப, படுக்கவைக்க, மாலை எழுப்ப, படுக்கவைக்க. நடுவே கடைக்குப் போய்வர நேரமில்லை. இரண்டு மாதம் அரை நாள் அரை நாளாகப் போய்ப் பார்த்தார். பிறகு ஈயச்சட்டியைத் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டார். முதலாளி, "இன்னும் ரெண்டு கல்லு வேணும்னா எடுத்துட்டுப் போம்மா," என்றார். ஜீரோ எதையோ சொல்ல வந்து, பொத்தானை அழுத்திவிட்டு நின்றார்.

அந்த வருடப் படிவத்தை அண்ணன் சொல்லச் சொல்ல மில்லிதான் எழுதினார். மூன்றாம் எண் வந்தபோது, "போன வருஷம் மாதிரியே போடு," என்றார் அண்ணன். தொழில்: இல்லை. மில்லி எழுதினார். இருபத்தெட்டு வருடமாகப் பொய்யாக இருந்த வரி அந்த வருடத்திலிருந்து உண்மையானது. அடித்தல் திருத்தல் எதுவும் தேவைப்படவில்லை.

பயிற்சி நிற்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி. அண்ணன் தூங்குகிற மதிய நேரம். எழுபது, எழுபத்து மூன்று, எழுபத்தெட்டு. அண்ணன் சில நாள் காலை அமுக்கினார். கோபம் இருந்த நாட்களில் அமுக்கவில்லை. அமுக்குவார் என்று நம்பித் தூக்குவதை மில்லி அந்தப் பதினொரு மணிக்குப் பிறகு விட்டுவிட்டார்.

அண்ணன் காலமானது ஒரு வெள்ளிக்கிழமை மதியம், படுத்த நிலையில். மகன் வந்தான், ஐந்தாம் மாதம் வீட்டை விற்றான். "உங்களுக்கு ஏதாவது பண்ணுவோம் அத்தை" என்றான். பூட்டை மட்டும் மில்லி கழற்றி எடுத்துக்கொண்டார். மூன்று தெரு தள்ளி ஒரு மாடியறை; சாமான் ஏற்ற வந்த ஆள், இரும்பு இருந்த சாக்கைப் பிடித்துப் பார்த்து, "இதுல என்னம்மா இருக்கு?" என்று கையை எடுத்துவிட்டார். மில்லி அதை இரண்டு நடையாக மேலே கொண்டுபோனார்.

மில்லியைத் தகவல் தருபவராகக் காட்டிய இறப்புப் பதிவுப் படிவத்தில் 'இறந்தவருக்கும் தகவல் தருபவருக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்துக்கு நேரே, "தங்கை, இறந்தவரைச் சார்ந்திருந்தவர்" என்று மகன் எழுதியிருக்கிறான்.

அவர் செய்தது இது: எழுபத்தாறு கிலோ எடையுள்ள ஒரு மனிதரை, ஒரு நாளைக்கு ஆறு முறை, மூன்று வருடம் இரண்டு மாதம், தனியாகத் தூக்கினார். ஒருமுறைகூடக் கீழே போடவில்லை.